இதுக்கு ஏன் அது தெரியணும்?

தஞ்சாவூர்ப் பக்கத்தில் புதிதாக ஒருவரைப் பார்த்தால் முதல் கேள்வி, எந்த ஊர். இரண்டாவது, அந்த ஊரில் யார் வீடு. மூன்றாவதை யாரும் நேராகக் கேட்பதில்லை. எந்தத் தெரு என்று கேட்பார்கள், அதிலேயே தெரிந்துவிடும். நான் அந்தக் கம்பெனிக்கு வேலை கேட்டுப் போன நாளில் மூன்றுக்கும் பதில் வைத்துக்கொண்டு போயிருந்தேன். எதிரே உட்கார்ந்திருந்த பெண்மணி ஒன்றையும் கேட்கவில்லை. மாதிரிக்கு நான் எழுதிக் கொண்டுபோன பக்கத்தைப் படித்தார், ஓரிடத்தில் பென்சிலால் கோடு போட்டார், "நாளைலேருந்து வர முடியுங்களா?" என்றார்.

நாள், கிழமை குறித்துவைப்பது என் பழக்கம். ஆனாலும் இதில் ஆண்டை விட்டுவிடுகிறேன். ஆண்டைச் சொன்னால் கம்பெனி தெரியும், கம்பெனி தெரிந்தால் அவர் தெரிவார். பெயரை எழுதாததற்கும் அதுவே காரணம். எல்லார் கையிலும் செல்பேசி வரத் தொடங்கி, அதற்குள் இணையம் இன்னும் வராத காலம் என்று வைத்துக்கொண்டால் போதும்.

கம்பெனி பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஓர் உரக்கடையின் மாடியில் இருந்தது. படியேறும்போதே யூரியா வாடை வரும். முதலாளி சிங்கப்பூரில் பல வருடம் இருந்து திரும்பியவர். துபாயிலும் மஸ்கட்டிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் இணையத்தில் ஆர்டர் போட்டால், அம்மா அப்பா வீட்டுக்கு மளிகையும் மருந்தும் கொண்டுபோய்க் கொடுப்பது தொழில். தஞ்சாவூரிலும் திருவாரூரிலும் பட்டுக்கோட்டையிலும் ஒவ்வொரு மளிகைக் கடையோடும் மருந்துக் கடையோடும் ஒப்பந்தம் இருந்தது. இணையப் பக்கங்களில் வரும் தமிழை எழுதித் திருத்துவதும், வேன் எந்த வழியாகப் போக வேண்டும் என்று வரிசை போடுவதும் என் வேலை. என்னை வேலைக்கு எடுத்த பெண்மணி கணினி நிரல் எழுதுகிறவர்களுக்குத் தலைமை. நாங்கள் எல்லாரும் அவரை மேடம் என்போம். அவர் என்னை சார் என்பார், வேன் டிரைவர் செல்வராஜையும் சார் என்பார். செல்வராஜுக்கு அதில் முதல் ஒரு மாதம் கூச்சம், பிறகு பெருமை.

அவருக்கு அப்போது முப்பத்தைந்துக்கு மேல் இருக்கும். அம்மாபேட்டைப் பக்கத்திலிருந்து பேருந்தில் வருவார். கழுத்தில் மெல்லிய சங்கிலியில் சின்னச் சிலுவை. சென்னையில் வேலை பார்த்தவர், பிறகு சிங்கப்பூர் போனவர், திரும்பி வந்துவிட்டவர். ஏன் திரும்பினார் என்று அலுவலகத்தில் ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள். கேட்கத்தான் யாராலும் முடியவில்லை. நம்மிடம் ஒன்றும் கேட்காதவரிடம் நாம் எப்படிக் கேட்பது? சாப்பாட்டு வேளையில் மற்றவர்கள் ஒருவர் டப்பாவை ஒருவர் எட்டிப் பார்ப்பார்கள், இன்னிக்கு என்ன குழம்பு என்பார்கள். அவர் தன் டப்பாவைத் திறப்பார், சாப்பிடுவார், கழுவி வைப்பார். கொடுத்தால் வாங்கிக்கொள்வார். என்ன கறி என்றுகூடக் கேட்க மாட்டார்.

முதலாளியின் மகளுக்கு நிச்சயம் செய்த கல்யாணம் நின்றுபோன வாரத்தில் எல்லாரும் அவர் அறைக்குள் ஒவ்வொருவராகப் போய் ஆறுதல் என்ற பெயரில் காரணம் விசாரித்துவிட்டு வந்தார்கள். மேடம் மட்டும் வழக்கம்போல் வேலை விஷயமாகப் போனார். பேசி முடித்து எழுந்தவர், "காபி சொல்லட்டுங்களா சார்?" என்றாராம். இதை முதலாளியே பிறகு என்னிடம் சொன்னார். அந்த வாரத்தில் தொண்டையில் இறங்கிய காபி அது ஒன்றுதான் என்றார்.

நிரலிலும் மேடம் அப்படித்தான். அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். துபாயில் ஒருவர் எங்கள் பக்கத்தைத் திறந்து, இட்லி அரிசி என்ற இடத்தில் அழுத்துகிறார். அந்தக் கோரிக்கையை வாங்கிக்கொள்ளும் நிரல் துண்டுக்கு கண்ட்ரோலர் என்று பெயர். அரிசி இருக்கிறதா, என்ன விலை, ஆர்டரை எங்கே எழுதுவது என்பதெல்லாம் டேட்டாபேஸ் என்ற தகவல் கிடங்கில் இருக்கும். எழுதுகிறவருக்குச் சுலபம், கண்ட்ரோலரே நேராக டேட்டாபேஸுக்குள் கையை விட்டு வேண்டியதை எடுத்துக்கொள்வது. அவர் அதற்கு விட மாட்டார். நடுவில் ஒரு பகுதி இருக்க வேண்டும். கண்ட்ரோலர் அதனிடம் இந்த அரிசி இருக்கிறதா என்று கேட்கலாம், பதிலை வாங்கிக்கொள்ளலாம். அந்தப் பதில் பட்டுக்கோட்டைக் கடையின் பழைய கணினியிலிருந்து வந்ததா, திருவாரூர்க் கடையின் புதிய கணினியிலிருந்து வந்ததா என்பது அதற்குத் தெரியக் கூடாது.

யாராவது அவசரத்தில் நேர்வழியில் எழுதிக் கொண்டுவந்தால் அவர் திட்ட மாட்டார். திரையில் அந்த வரியின் மேல் விரலை வைப்பார். "இதுக்கு ஏன் அது தெரியணும்?" என்பார். நிரல் திரும்பிப் போகும். எழுதும் பையன்களும் பெண்களும் அவர் இல்லாதபோது அதே தொனியில் பேசிக் காட்டுவார்கள். செல்வராஜ் லீவு கேட்டு, முதலாளி எதற்கு என்று விசாரித்தபோது, "இதுக்கு ஏன் அது தெரியணும் சார்?" என்று சொல்லி லீவை வாங்கிக்கொண்டு போனான்.

முதலாளிக்கு முதலில் இதெல்லாம் வீண் வேலையாகப் பட்டது. ஒரு பொங்கல் வாரத்தில் திருவாரூர்க் கடைக்காரர் எங்களிடம் சொல்லாமல் தன் கணினி, நிரல் எல்லாவற்றையும் மாற்றிவிட்டார். மேடம் நடுப்பகுதியில் ஒரே ஒரு கோப்பைத் திருத்தினார். பக்கங்கள் எதுவும் அசையவில்லை, மஸ்கட்டில் ஆர்டர் போட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. அதற்குப் பிறகு முதலாளி வருகிறவர்களிடமெல்லாம் இதை விளக்க ஆரம்பித்தார். வயலுக்கு மேட்டூரைத் தெரிய வேண்டுமா, தலைமடை வாய்க்காலைத் தெரிந்தால் போதாதா என்று கேட்பார். நல்ல உவமைதான். மேடத்துக்கு அது பிடித்ததாகத் தெரியவில்லை. அவர் சொல்லத் தொடங்கும்போது இவர் எழுந்து போய்விடுவார்.

எல்லாருக்கும் அவரைப் பிடித்திருந்தது என்று எழுதினால் அது பொய். எங்களோடு ஒரத்தநாட்டுப் பெண் ஒருத்தி வேலை பார்த்தாள். ஒருநாள் மதியம் மேடத்தின் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, சத்தமில்லாமல் அழுதுகொண்டே தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். மேடம் பார்த்தார். எழுந்து, தன் பக்கம் திரும்பியிருந்த மின்விசிறியை அவள் பக்கம் திருப்பி வைத்தார். பிறகு தன் வேலையைப் பார்த்தார். மறுவாரம் அந்தப் பெண் நின்றுவிட்டாள். போகும்போது படிக்கட்டில் என்னிடம், "மேடம் என்னன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் சார்," என்றாள். அந்த மின்விசிறி அதற்குப் பிறகும் பல நாள் காலி நாற்காலியின் பக்கமே திரும்பி ஓடிக்கொண்டிருந்தது. அவரும் திருப்பவில்லை, நாங்களும் திருப்பவில்லை.

இனி பொய்க்கடை. ஆரம்ப காலத்தில், வந்த விருந்தாளி ஒருவருக்கு முதலாளி எங்கள் பக்கத்தைக் காட்டி, பெருமையாக ஒரு மூட்டை அரிசி ஆர்டர் போட்டார். பட்டுக்கோட்டைக் கடையில் அது உண்மை ஆர்டராகவே போய்ச் சேர்ந்தது. கடைக்காரர் மூட்டையை ஏற்றி, முதலாளியின் மாமியார் வீட்டில் கொண்டுபோய் இறக்கினார். மாமியார் மருமகனை அவ்வளவு மெச்சியது அதுதான் முதலும் கடைசியும் என்று செல்வராஜ் சொல்வான். அதற்குப் பிறகு மேடம் ஒரு பொய்க்கடை செய்துவைத்தார். கடைபோலவே கேட்டதற்குப் பதில் சொல்லும், ஆர்டரை வாங்கிக்கொள்ளும், நன்றி சொல்லும். ஆனால் எதையும் ஹார்ட் டிஸ்கில் எழுதாது, கணினியின் நினைவில் மட்டும் வைத்திருக்கும், கணினி அணைந்தால் அதுவும் போய்விடும். ஒரு வரியை மாற்றினால் நடுப்பகுதி உண்மைக் கடைக்குப் பதில் பொய்க்கடையோடு பேசும். எதற்குப் பின்னால் எது இருக்கிறது என்று கண்ட்ரோலருக்குத்தான் தெரியாதே. அது எப்போதும்போல் வேலை செய்யும்.

நான் சொல்ல வந்த ஆயுத பூசை ஐப்பசி முதல் வாரத்தில் வந்தது, வெள்ளிக்கிழமை. சம்பா நடவு முடிந்து, மழை இன்றைக்கோ நாளைக்கோ என்றிருந்தது. ரம்ஜான் நோன்பு மாதமும் அதோடு சேர்ந்து வந்திருந்ததால் கடலோர ஊர்களுக்கு ஆர்டர் அதிகம். வெள்ளி விடுமுறை என்பதால் அலுவலகப் பூசையை வியாழன் மாலையே வைத்துக்கொண்டோம். அன்று மதியம் சிங்கப்பூரிலிருந்து கம்பெனியில் பணம் போட வந்தவர் ஒருவருக்கு மேடம் பொய்க்கடையை மாட்டிப் பக்கங்களைக் காட்டினார். வந்தவருக்கு எல்லாம் பிடித்துப்போயிற்று. இன்னொரு முறை, இன்னொரு முறை என்று தானே அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரைக் கீழே கொண்டுபோய்க் காரில் ஏற்றிவிட்டு மேடம் திரும்பி வருவதற்குள் பூசைக்கு எல்லாம் ஆயத்தமாகிவிட்டது. ஒவ்வொரு திரையிலும் சந்தனம் குங்குமம். இணையதளம் ஓடும் பெரிய கணினி எங்கள் அலுவலகத்திலேயேதான் இருந்தது, அதை அணைக்க முடியாது. ஆனால் அதன் விசைப்பலகையின் மேல் நிரல் புத்தகங்களை அடுக்கி, மேலே மல்லிகைச் சரம் சுற்றிவைத்திருந்தார்கள்.

மேடம் அதன் முன்னால் போய் நின்றார். முதலாளி கற்பூரத் தட்டோடு வந்தார்.

"இன்னிக்கு யாரும் தொடக் கூடாதும்மா. நாளன்னிக்கு விஜயதசமி, காலைல நல்ல நேரத்துல நானே பூவை எடுத்துக் குடுக்கறேன்."

அவர் வாய் திறந்ததைப் பார்த்தேன். மூடியதையும் பார்த்தேன். பொரிகடலைப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு பேருந்துக்குப் போய்விட்டார்.

சனிக்கிழமை காலை நான் போனபோது ஊரே நனைந்து கிடந்தது. விடியற்காலையில் காற்றும் மழையுமாக மின்சாரம் போயிருக்கிறது. யுபிஎஸ் தன்னால் முடிந்த மட்டும் கத்திவிட்டு ஓய்ந்திருக்கிறது. மின்சாரம் வந்ததும் பெரிய கணினி தானாகவே மறுபடி எழுந்து, புதிதாய்ப் பிறந்ததுபோல் ஓடிக்கொண்டிருந்தது. முதலாளி நல்ல நேரம் பார்த்துப் பூவை எடுத்தார். செல்வராஜ் ஏற்ற வேண்டிய சரக்கைக் கேட்டு மாடிக்கு வந்தான். வெள்ளிக்கிழமைதான் வளைகுடாவில் எல்லாரும் நெட் சென்டருக்குப் போவார்கள். சனிக்கிழமை வேன் வழியும். அன்றைக்கு ஒன்றும் இல்லை.

"என்னங்க மேடம், நோன்புன்னா ராத்திரியும் சாப்பிட மாட்டாங்களா?" என்றான்.

மேடம் விசைப்பலகையில் ஒட்டியிருந்த மல்லிகை இதழைத் தட்டிவிட்டு எதையோ பார்த்தார். பிறகு பொய்க்கடைக்குத் திருப்பியிருந்த அந்த ஒரு வரியை மாற்றினார். மாற்ற ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மாற்றிய பின் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போனதும் சொன்னார்.

"நான் செஞ்சது ஒழுங்கா வேலை செஞ்சிருக்கு சார். ரெண்டு நாளா வந்த ஆர்டரெல்லாம் வாங்கிக்கிட்டு நன்றி சொல்லியிருக்கு. மெஷின் ஓடிக்கிட்டுதான இருக்கும், இன்னிக்கு வந்து எடுத்துக்கலாம்னு விட்டேன். கரண்ட்டு போனதுல எல்லாம் போச்சு."

பணத்தை மாதக் கடைசியில் அந்தந்த ஊர் ஏஜென்டு வசூல் செய்வதால் அந்த வழியிலும் தடயம் இல்லை. ஒன்று மட்டும் மிஞ்சியிருந்தது. வாடிக்கையாளர்களின் பெயரும் கடவுச்சொல்லும் பொய்க்கடைக்குள் இல்லை, தனியாக உண்மையான இடத்தில் இருந்தன. வெள்ளிக்கிழமை யார் யார் உள்ளே வந்தார்கள் என்று அங்கே பார்க்க முடிந்தது. வந்து ஆர்டர் போட்டார்களா, விலையைப் பார்த்துவிட்டுப் போனார்களா என்பது தெரியவில்லை.

முதலாளி கத்தவில்லை. அவருக்கும் பூசை நினைவு வந்திருக்க வேண்டும். தளத்தில் ஓர் அறிவிப்புப் போடலாம், எல்லாருக்கும் மின்னஞ்சல் அனுப்பலாம், மறுபடி ஆர்டர் போடச் சொல்லலாம் என்றார். அவர்கள் அடுத்த வெள்ளிக்கிழமைதான் அதைப் பார்ப்பார்கள் என்றார் மேடம். அரிசி பருப்பு ஒரு வாரம் பொறுக்கும். மருந்து பொறுக்காது. பட்டுக்கோட்டை மருந்துக் கடைக்குப் போன் செய்தோம். வந்துபோனவர்களில் மாதாமாதம் மருந்து வாங்குகிறவர்களின் பெயர்களைச் சொன்னார்கள். பாதிப் பேரிடம் முதலாளியே வெளிநாட்டுக்குப் போன் போட்டுப் பேசித் தீர்த்துவிட்டார். மற்றவர்கள் அங்கே ஓர் அறைக்கு எட்டுப் பேராகப் படுக்கிறவர்கள். எங்களிடம் அவர்கள் கொடுத்திருந்த எண் ஊரில் அம்மா வீட்டு எண்தான். மழையில் கடலோரம் தொலைபேசி வேலை செய்யவில்லை.

"நான் போறேன் சார்," என்றார் மேடம். வழி காட்ட நானும் போனேன்.

பட்டுக்கோட்டையில் மளிகையும், ஐஸ் பெட்டியில் மருந்தும் ஏற்றிக்கொண்டு தெற்கே போனோம். முதல் வீட்டில் செல்வராஜ்தான் கேட்டான். ஒங்க பையன் சாமான் ஏதும் போட்டிருக்கேன்னு சொன்னாரா என்று நேராகக் கேட்டான். அந்த வீட்டுப் பெரியவர் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து எழுந்துவிட்டார். இல்லை, ஒன்றும் சொல்லவில்லை என்றார். பிறகு உள்ளே திரும்பி மனைவியிடம், உன் மகன் சாமான் அனுப்பியிருக்கிறானாம், நமக்கா அவன் மாமனார் வீட்டுக்கா என்று கேட்டார். உள்ளேயிருந்து ஒரு பதில் வந்தது. அதற்கு இவர் ஒரு பதில் சொன்னார். நாங்கள் வாசலிலேயே நின்றோம். அந்த வீட்டில் மருந்து தீரவில்லை என்று தெரிந்துகொண்டு கிளம்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

வேனில் ஏறினோம். செல்வராஜ்தான் ஆரம்பித்தான்.

"மொதலாளி சொல்வாரே மேடம், வயலுக்கு மேட்டூர் தெரிய வேணாம்னு. தண்ணி வரலன்னா வயலு யாரப் போயி கேக்கும்?"

அவர் கோபிக்கவில்லை. சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, என்னிடம் சொல்வதுபோல், "அன்னிக்கு ஒரு நிமிஷம்தான் சார் ஆகும்னு சொல்லியிருக்கலாம். அவங்க சாமி விஷயம், நாம ஏன் கேக்கணும்னு விட்டுட்டேன்," என்றார்.

அடுத்த வீட்டிலிருந்து அவரே முன்னால் இறங்கினார். பிள்ளையைப் பற்றி ஒரு சொல் கிடையாது. கம்பெனியிலிருந்து வருகிறோம், எங்களிடம் வாங்குகிற வீடுகளுக்கெல்லாம் ஒருமுறை நேரில் வந்து பார்த்துப் போகிறோம் என்பார். போன தடவை வந்த அரிசி எப்படி இருந்தது என்பார். அப்படியே, வீட்டில் இப்போது என்ன தீர்ந்திருக்கிறது, மாத்திரை எத்தனை நாளைக்கு இருக்கிறது என்று கேட்பார். சொல்வார்கள். அவர்களாகவே, வெள்ளிக்கிழமை பையன் போட்டிருக்கிறேன் என்றானே என்று சொன்ன வீடுகளில் உடனே இறக்கிக் கொடுத்தோம். இரண்டு வீடுகளில் அப்படிக் கிடைத்தது. ஒருவரிடம் ஒன்றும் கேட்காதவர் இவ்வளவு கேட்பதை நான் அன்றுதான் பார்த்தேன். கேட்டது எல்லாம் அரிசியும் மாத்திரையும்தான்.

கடைசி வீடு அதிராம்பட்டினத்துக்கு இப்பால், தென்னந்தோப்பு ஓரத்தில். புது வீடு, மேல்தளம் பாதியில் நின்று கம்பிகள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஓர் அம்மா மட்டும் இருந்தார். அறுபது வயது இருக்கும். எங்களை உட்கார வைத்துவிட்டு, நாங்கள் நோன்பில்லையே என்று டீ போட அடுப்படிக்குப் போனார். தனக்கும் நோன்பில்லை, சர்க்கரை இருப்பதால் டாக்டர் வைக்கக் கூடாது என்றுவிட்டார் என்று அங்கிருந்தே சொன்னார்.

மேடம் எழுந்து அடுப்படி வாசலில் போய் நின்றார். "ஊசி போட்டுக்கிறீங்களாம்மா?" என்று கேட்டார்.

"போட்டுக்கிறேம்மா."

"மருந்து இருக்குங்களா?"

அந்த அம்மா குளிர்பெட்டியைத் திறந்து காட்டினார். முட்டை வைக்கும் குழியில் ஒரு சின்ன பாட்டில் நின்றது. அடியில் கொஞ்சம் மருந்து இருந்தது, இருந்தது என்று சொல்லலாம் அவ்வளவுதான்.

"பாதி பாதியா போட்டுக்கிறேன். பத்தும். இவ்வளவு நாளு பத்துச்சே."

எத்தனை நாளாக என்று மேடம் கேட்கவில்லை. செல்வராஜைக் கூப்பிட்டு ஐஸ் பெட்டியிலிருந்து புது பாட்டிலை எடுத்துவரச் சொன்னார். அரிசி, எண்ணெய், பருப்பு அடங்கிய பையும் வந்தது. அந்த அம்மா பாட்டிலைக் கையில் வாங்கி, ஈரத்தை முந்தானையில் துடைத்தார்.

"எம் மவன் அனுப்புனதா?"

"எங்க கடைலேருந்து வருதும்மா," என்றார் மேடம். "இனிமே பாதியா போட வேணாம். டாக்டர் சொன்ன அளவே போடுங்க."

பாட்டிலைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு அந்த அம்மா எங்களுக்கு டீ கொடுத்தார். ஒரு பாட்டில் முழு அளவாய்ப் போட்டால் எத்தனை நாள் வரும் என்று பேச்சுவாக்கில் என்னிடம் சொன்னார். மகன் போட்டோவைக் காட்டினார். அடுத்த தடவை பெருநாளைக்கு வாருங்கள் என்று வழியனுப்பினார்.

அடுத்த வெள்ளிக்கிழமை பிற்பகல் அலுவலகத்துக்கு வெளிநாட்டு அழைப்பு ஒன்று வந்தது. நான்தான் எடுத்தேன். தென்னந்தோப்பு வீட்டுப் பிள்ளை. மிகவும் தாழ்ந்த குரலில் பேசினார்.

"சார், எங்க உம்மா போன்ல துவா செஞ்சாங்க. சாமான் வந்துச்சு, ஊசி மருந்து வந்துச்சுங்கறாங்க. நான் ஒண்ணும் போடல சார். ரெண்டு மாசமா சம்பளம் வரல. போன வெள்ளிக்கிழமை உள்ள வந்து பாத்தேன், மூடிட்டேன். நாந்தான் அனுப்புனேன்னு நெனச்சுக்கிட்டிருக்காங்க. யாரு சார் அனுப்புனது?"

ஒரு நிமிடம் இருங்கள் என்றேன். அந்தப் பக்கம் கேட்காதபடி ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு, அவர் சொன்னதை மேடத்திடம் சொன்னேன். அவர் கையை நீட்டி வாங்கிக்கொண்டார். சற்று நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அது எனக்குத் தெரியாதுங்க," என்றார்.

மறுபடி ஏதோ கேட்டிருக்க வேண்டும்.

"கம்ப்யூட்டர்ல இருக்கலாங்க. ஆர்டர் எங்கேருந்து வருதுன்னு எங்க பக்கத்துக்குத் தெரியாது. நாங்க கொண்டுபோயிக் குடுக்கறதோட சரி."

இன்னும் கொஞ்சம் கேட்டுக்கொண்டார். "இல்லைங்க. யாருகிட்டயும் நாங்க எதுவும் சொல்லல. சொல்ல எங்களுக்கு ஒண்ணும் தெரியாது," என்று சொல்லி வைத்துவிட்டார்.

பொய்க்கடைக்கு முன்னும் பின்னும் அவர் "எனக்குத் தெரியாது" என்று சொல்லி நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அது எல்லாத் தடவையும் உண்மையாக இருந்தது. தெரிந்துகொள்ளக் கூடாது என்று அவர் முன்பே தீர்மானித்துவிட்ட விஷயங்கள் அவை. இந்தத் தடவை அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. முகத்தில் ஒன்றும் மாறவில்லை, குரலிலும் மாறவில்லை.

அவர் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டார். நானும் என் இடத்துக்குப் போய்விட்டேன். மழை மறுபடி பிடித்துக்கொண்டிருந்தது. கீழே உரக்கடையில் மூட்டைகளை உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டது. சற்று நேரம் கழித்து அவர் நாற்காலியோடு என் பக்கம் திரும்பினார். வேலை விஷயம் என்று நினைத்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன்.

"சார்," என்றார். "அந்த அம்மாவுக்கு இந்த மருந்து எப்பத் தீரும்?"

கார்த்திகை பிறப்பதற்கு முந்தின வாரம் என்று சொன்னேன், கிழமையும் சேர்த்து.